கல்லுக்கும் ஊர் உண்டு

சென்ற கோடை விடுமுறையில் மூணாற்றில் நம் தங்கையின் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். அவள் கணவர் அங்குள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றுகிறார். மூன்று தலைமுறைக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம் அது. ஒரு நாள் காலை, ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் மருமான் ஒரு கல்லை இரு கைகளாலும் தூக்கி வந்து நம் முன்னே வைத்தான். தேங்காய் அளவுள்ள உருண்டைக் கல் அது. சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் அகப்பட்டதாம்.

“மாமா, இது கல்லாகிப் போன நத்தைதானே? பாருங்கள், ஓடு ஓடாக உரிகிறது!” என்றான்.

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வெங்காயச் சருகைப் போல அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தது உண்மையே. ஆனால் அது நத்தையும் அன்று. வேறெந்த உயிரும் அன்று. வெயிலும் மழையும் பாறையின் வெடிப்புகளில் புகுந்து, மூலைகளை முதலில் தின்று, எஞ்சியதை உருட்டித் தோல் தோலாக உரிக்கும். மலைநாட்டில் இத்தகைய கற்கள் பல உண்டு.

மூணாற்றுப் பாறைகள் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் பதப்பட்டவை. ஓடுடைய உயிர்கள் உலகில் பெருகுவதற்கு முன்னரே அவற்றுள் பெரும்பகுதி உருவாகிவிட்டது. அடுப்பில் உருகி இறுகிய வெல்லப்பாகில் கரும்பின் கணுவைத் தேடுவது எப்படியோ, அப்படித்தான் அப்பாறைகளில் உயிர்ச்சுவடு தேடுவதும். இதைச் சொன்னதும் பையனின் முகம் வாடிவிட்டது. “அப்படியானால் அவை எங்கேதான் கிடைக்கும்?” என்று கேட்டான். அவனுக்கு அன்று கூறிய விடையையே சற்று விரித்து நேயர்களுக்கும் கூற விழைகிறோம்.

சென்னையிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் ரயில் பாதையை நம்முள் பலர் அறிவோம். தில்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஊர் திரும்பும் தமிழர் பலர் அவ்வழியே செல்பவர்கள். அப்பாதையில் அரியலூர் என்ற நிலையம் வரும். 1956 நவம்பரில் அதன் அருகே நிகழ்ந்த கோர ரயில் விபத்தால் அவ்வூரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பிருந்தே உலகின் நிலநூல் அறிஞர்கள் அப்பகுதியை நன்கு அறிவார்கள். அங்கே ஒரு பழங்கடல் கல்லாய்க் கிடக்கிறது என்பதே காரணம்.

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கிழக்கே இருந்த கடல் இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டப் பகுதிகளுக்குள் ஏறிவந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அது ஏறியும் இறங்கியும் நின்றது. அதன் அடியில் படிந்த சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக இறுகிக் கல்லாயின. அக்கடலில் வாழ்ந்து மடிந்தவற்றின் ஓடுகளும் உடன் கல்லாயின. இவற்றையே புதைபடிவம் என்கிறோம். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, நின்னியூர் என்னும் சிற்றூர்களின் பெயர்கள் இன்று உலக நிலநூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக வழங்குகின்றன. அங்கே கிடைப்பவற்றுள் நாம் இங்கு எடுத்துக்கொண்டது நாட்டிலாய்டு என்னும் இனம்.

நாட்டிலாய்டு என்பது கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் உறவுடைய உயிர். ஆனால் வெளியே சுருண்ட ஓடு உடையது. பார்வைக்கு நத்தைபோல் தோன்றினும் உள்ளமைப்பு முற்றும் வேறு. நத்தையின் ஓடு தடுப்பற்ற ஒரே குழாய். நாட்டிலஸின் ஓடோ பல அறைகள் கொண்ட மாளிகை. உயிர் வளர வளர முன்னே புது இடம் கட்டிக்கொண்டு நகரும். பின்னால் விட்ட இடத்தைச் சுவரிட்டு அடைக்கும். இவ்வாறு முப்பது அறைகள் வரை உண்டாகும். கடைசி அறையில்தான் உயிரின் இருப்பு. எல்லா அறைச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழல் செல்லும். அக்குழல் அறைகளிலுள்ள நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்ச, அங்கே வாயு நிறையும். ஓட்டின் சுமை நீங்கி உயிர் கடலில் மிதக்கும். நீர்மூழ்கிக் கப்பலின் தத்துவமும் இதனை ஒத்ததே. 1954-இல் அமெரிக்கா கடலில் இறக்கிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிக்கு நாட்டிலஸ் என்று பெயரிட்டது பொருத்தமே.

இக்குலம் மிகத் தொன்மையானது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கடலில் தோன்றிவிட்டது. முற்கால நாட்டிலாய்டுகள் பலவற்றுக்கு ஓடு சுருளாமல் நேரான கொம்புபோல் நீண்டிருந்தது. சில பல அடி நீளம் வளர்ந்தன. இன்று இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதியிலும் பசிபிக்கிலும் ஆழ்நீரில் ஒரு சில இனங்களே எஞ்சியுள்ளன.

நாட்டிலாய்டுக்கு நெருங்கிய உறவினன் அம்மோனைட். இதனைத் தமிழ் மக்கள் வேறொரு பெயரால் அறிவர். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்து நம் இல்லங்களில் பூசை பெறும் சாளக்கிராமத்தில் சக்கரம் காணப்படுகிறதன்றோ? அந்தச் சக்கரம் பெரும்பாலும் அம்மோனைட்டின் சுவடே. அரியலூர்ப் பகுதியிலும் அம்மோனைட்டுகள் ஏராளம். ஆகவே கையிலுள்ள கல் எது என்று அறிய வழி வேண்டும்.

முதல் அடையாளம் தையல் கோடு. அறைச்சுவர் ஓட்டின் உட்புறத்தோடு சேருமிடத்தில் ஒரு கோடு உண்டாகும். மேலோடு நீங்கி உள்ளே நிரம்பிய கல் மட்டும் எஞ்சியிருந்தால் அக்கோடு வெளியே தெரியும். நாட்டிலாய்டில் அது பெரும்பாலும் எளிய வளைவாக இருக்கும். சில இனங்களில் ஆற்றின் போக்குப்போல் நெளிந்து செல்லும். அம்மோனைட்டில் அது இலையின் ஓரம்போலவும் பூவேலை செய்த கரைபோலவும் கிளைத்துக் கிளைத்து ஓடும். இரண்டாவது அடையாளம் குழல். நாட்டிலாய்டில் அது அறைச்சுவரின் நடுவையொட்டி அமையும். அம்மோனைட்டில் பெரும்பாலும் சுருளின் வெளிவிளிம்பை ஒட்டிச் செல்லும். உடைந்த கல்லில் குழலின் துளை தென்பட்டால் ஐயம் தீர்ந்தது.

இக்கற்களை முதலில் உலகுக்கு அறிவித்தவர்கள் நிலநூலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். கே, கன்லிஃப் என்ற இருவரும் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர்கள். அலுவல் போக எஞ்சிய நேரத்தில் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய பகுதிகளில் கற்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். அவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் பேராசிரியர் ஆராய்ந்து 1846-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். எந்தக் கல் எவ்வூரில் கிடைத்தது என்பது பிரித்துக் காட்டப்பட்டிருந்தமையால்தான், அம்மூன்று பகுதிகளின் உயிர்களையும் அவரால் ஒப்பிட்டு நோக்க முடிந்தது. பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு அப்பகுதியை ஊர் ஊராக அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். நாட்டிலாய்டுகளைப் பற்றிய நூலை 1861-இல் வெளியிட்டவரும் அவரே. 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் இவரே. அம்மோனைட்டுகளையும் சிப்பி, நத்தை வகைகளையும் ஸ்டோலிக்ஸ்கா என்ற அறிஞர் விவரித்தார். அவர் 1874-இல் லடாக் மலைவழியில் உயிர் துறந்தார்.

இனி, சேகரிக்கும் முறையைக் காண்போம். உரிமையின்றி எந்நிலத்திலும் கால் வைத்தலாகாது. வயலாயின் உடையவரிடமும், சுண்ணாம்புச் சுரங்கமாயின் அதன் அலுவலகத்திலும் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். வெடி வைக்கும் இடங்களில் கல்லாசை உயிரைக் குடிக்கும். சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் பாதுகாக்கப்பெற்று வருகிறது. அத்தகைய காப்பிடங்களில் ஒரு சில்லையும் தொடலாகாது.

காரையை அடுத்த களிமண் மேடுகளில் மழையே பெரிய சுத்தியல். ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து உள்ளிருக்கும் ஓடுகள் மேலே வந்துவிடும். ஆகையால் புதியவர்கள் உடைத்துத் தோண்டுவதை விட்டு, மழைக்குப் பின்னான காலை வேளையில் தரையைப் பார்த்து நடப்பதே போதும். நிழலில்லாத நிலம்; குடிநீரும் தலைக்குத் துணியும் இன்றிச் செல்லலாகாது. கையில் ஒரு சுத்தியல், சிறிய உளி, உருப்பெருக்குக் கண்ணாடி, பழைய செய்தித்தாள், பஞ்சு, எழுதுகோல், குறிப்பேடு ஆகியவை வேண்டும். பாறையில் பதிந்ததை எடுக்க நேர்ந்தால், படிவத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டி, சூழ்ந்த கல்லோடு சேர்த்தே கொணர்தல் நலம். கண்ணாடி அணியாமல் கல்லில் உளி வைப்பவர் தம் கண்ணைப் பணயம் வைப்பவரே.

வீட்டுக்கு வந்தபின் தொடங்குவது பதப்படுத்தும் வேலை. இதற்கு வேண்டுவது பொறுமை ஒன்றே. முதலில் உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டவேண்டும். பிறகு உடைந்த துண்டு ஒன்றை மட்டும் நீரில் இட்டுப் பார்க்கவேண்டும். சில களிக்கற்கள் நீர்பட்டதும் ஊதிப் பிளந்துவிடும். துண்டு தாங்கினால் முழுக்கல்லையும் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். எஞ்சும் கெட்டி மண்ணை, மரப்பிடியில் செருகிய எஃகு ஊசியால், கண்ணாடியின் கீழ் வைத்து அணு அணுவாக நீக்கவேண்டும். ஊசி படிவத்தை நோக்கிக் குத்தாமல் அதற்கு இணையாகவே செல்லவேண்டும். ஒரு மாலைப்பொழுதில் விரல்நக அகலம் சுத்தமானால் அது நல்ல வேலை.

பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் கரையட்டும் என்று எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ கடுந்திராவகத்தையோ ஊற்றிவிடுவர். படிந்த கல்லும் சுண்ணாம்பு. படிவத்தின் ஓடும் சுண்ணாம்பு. திராவகத்துக்கு வேற்றுமை தெரியாது. இரண்டையும் சேர்த்தே தின்னும். பிளவுபட்ட துண்டுகளை ஒட்டுவதற்கும் பின்னாளில் கரைத்து நீக்கக்கூடிய பசையே ஏற்றது. அருங்காட்சியகங்களில் பாரலாய்டு என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகின்றனர். அசிட்டோன் தீப்பற்றுவது; அடுப்பருகே வைத்தலாகாது. கல்லை அரைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குப் பகை. நீரிட்டு நனைத்தபடியே செய்யவேண்டும்.

ஒரே இடத்தில் பல நாட்டிலாய்டுகள் கிடைத்தால், சிதைந்த ஒன்றை நடுவே அறுத்து, கார்போரண்டம் பொடியால் முரட்டுப்பதத்திலிருந்து நுண்பதம் வரை படிப்படியாகத் தேய்த்து மெருகிடலாம். சில அறைகளில் சேறு இறுகியிருக்கும். சேறு புகாத அறைகளில் கால்சைட்டுப் படிகம் பனிக்கட்டிபோல் மின்னும். உயிர் கட்டி விட்டுச்சென்ற அறைகள் அனைத்தும் வரிசையாகக் கண்ணெதிரே நிற்கும். ஆனால் நல்ல நிலையிலுள்ள ஒற்றைக் கல்லை அறுக்கலாகாது.

இவை யாவற்றினும் முதன்மையான வேலை ஒன்றை இறுதிக்கென வைத்திருந்தோம். அது சீட்டு எழுதுதல். எந்த ஊர், ஊரிலிருந்து எத்திசையில் எவ்வளவு தொலைவு, ஓடையா மேடா சுரங்கச் சுவரா, எந்நிற அடுக்கு, எந்நாள், எடுத்தவர் யார் என்பனவற்றை அவ்விடத்திலேயே எழுதவேண்டும். இன்று கைப்பேசியே இருப்பிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் காட்டிவிடுகிறது, அவற்றையும் குறிக்கலாம். கல்லின் மறைவான பக்கத்தில் சிறிது வெள்ளை வண்ணம் தடவி, உலர்ந்தபின் கறுப்பு மையால் எண் இட்டு, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசவேண்டும். அதே எண் பதிவேட்டிலும் வேண்டும். சீட்டைக் கல்லோடு பெட்டியில் இட்டுவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. ஏன் என்பதை நம் சொந்த இழப்பைக் கொண்டே சொல்கிறோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தில்லியிலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றல் ஆயிற்று. நாற்பத்துமூன்று கற்களைச் செய்தித்தாளில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வைத்து, மரப்பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினோம். கற்களில் எண் இடவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். வழியில் பெய்த மழையில் பெட்டி நனைந்தது. திறந்து பார்த்தபோது கற்கள் இருந்தன. சீட்டுகள் கூழாகியிருந்தன.

அவற்றுள் இரண்டு நாட்டிலாய்டுகள் இருந்தன. ஒன்று நின்னியூர்ச் சுண்ணாம்பில் எடுத்தது. மற்றது அதற்குக் கீழான அரியலூர் அடுக்கில் எடுத்தது. இரண்டும் தேய்ந்தவை, தையல் கோடு தெரியாதவை, நிறத்திலும் பருமனிலும் ஒத்தவை. எது எதுவென்று இன்றுவரை நம்மால் சொல்ல இயலவில்லை.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று நேயர்கள் வினவலாம். இற்றைக்கு 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகில் ஒரு பேரழிவு நேர்ந்தது. விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோவின் கரையில் மோதியது. அதையொட்டிய காலத்தில் நம் தக்காணத்தில் எரிமலைக் குழம்பும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பெரும் டைனோசார்கள் அழிந்தன. கடலில் அம்மோனைட் குலம் பூண்டற்றுப் போயிற்று. அரியலூர் அடுக்குகளில் அம்மோனைட்டும் நாட்டிலாய்டும் சேர்ந்தே கிடக்கின்றன. அவற்றின் மேலுள்ள நின்னியூர் அடுக்கில் அம்மோனைட் கிடைப்பதில்லை. ஆனால் நாட்டிலாய்டு கிடைக்கிறது. முன்பு நாட்டிலஸ் டானிகஸ் எனவும் பின்னர் ஹெர்க்கோகுளோசா டானிகா எனவும் பெயர் பெற்ற அவ்வினத்தைக் கொண்டே, நின்னியூர் அடுக்கு பேரழிவுக்குப் பிற்பட்ட காலத்தது என அறிஞர் மதிப்பிட்டனர். டென்மார்க் நாட்டுச் சுண்ணாம்பிலும் அவ்வினம் உண்டு.

உறவினர் இருவருள் ஒருவர் மாண்டு மற்றவர் பிழைத்தது ஏன்? அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை. கடலின் மேற்பரப்பில் மிதந்து அங்குள்ள நுண்ணுயிர்களை உண்டு வளர்ந்தவை. மேற்பரப்பின் உணவு அற்றபோது அவையும் அற்றன. நாட்டிலஸோ சில முட்டைகளே இடும். ஆனால் அவை பெரியவை, மிகுந்த மஞ்சட்கரு உடையவை. ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பொரியும் குஞ்சு ஓரங்குல அளவில், அறைகள் கட்டிய ஓட்டுடனேயே வெளிவரும். தாய் தந்த கட்டுச்சோறே அக்குலத்தைக் காத்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

இத்தகைய வரலாற்றுக்குச் சாட்சி சொல்லக்கூடிய கல் ஒன்று நம்மிடம் இருந்தது. ஊர்ப்பெயர் அழிந்ததால் அது வாயற்றுப் போயிற்று. நிலநூல் பயின்ற நண்பர் ஒருவரிடம் இரண்டையும் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “மேசையில் வைத்து அழகு பார்க்கலாம், ஆராய்ச்சிக்கு உதவா” என்று மெல்லச் சொல்லித் திருப்பித் தந்தார். அவை இன்னும் நம் மேசையில்தான் உள்ளன. கடிதம் பறக்காமல் காக்கின்றன.

விலை கொடுத்துக் கல் வாங்குவோரும் இதை நினைத்தல் வேண்டும். விற்பவர் கைக்கு வரும்போதே பெரும்பாலும் கல் தன் ஊரை இழந்துவிடுகிறது. இன்று உயிர்வாழும் நாட்டிலஸ் ஓடு நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பெறுவது. உலக வாணிகத்திலும் 2017 முதல் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அழகென்று அதை வாங்குதல் தவறு. அரிய படிவம் எதுவும் கைக்கு வந்தால் அருங்காட்சியகத்துக்கோ புவியியல் ஆய்வுத் துறைக்கோ தெரிவிப்பதே முறை. அரியலூரை அடுத்த வாரணவாசியில் இப்படிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் உள்ளது. ஊர் செல்லும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். கொல்கத்தாவில் வாழும் தமிழர்கள் அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தின் படிவக் கூடங்களைக் காணலாம்.

மூணாற்றுக்குத் திரும்புவோம். இவ்வளவும் கேட்ட பின் நம் மருமான் தன் உருண்டைக் கல்லைத் தூக்கி எறியப் போனான். தடுத்தோம். புதிய குறிப்பேடு ஒன்றை எடுத்து வரச் சொன்னோம். அவன் எழுதிய முதற்பதிவு இது: “எண் 1. மூணாறு. பள்ளிக்குப் போகும் சாலையின் வெட்டுச் சரிவு, பெரிய வளைவிலிருந்து நாற்பது அடி. பழுப்பு நிறம். அடுக்காக உரிகிறது. மழையும் வெயிலும் செய்தது. புதைபடிவம் அன்று.” பிறகு கல்லின் அடியில் வெள்ளை வண்ணம் தடவி எண்ணையும் இட்டான்.

வரும் பொங்கல் விடுமுறையில் அவனை அரியலூருக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறோம். இரண்டாம் எண் அங்கே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எதுவாயினும் அவனுடைய கற்கள் நம்முடையவற்றைப்போல் ஊரற்றவை ஆகமாட்டா. பிழைப்புக்காக எத்தனையோ ஊர் மாறினாலும், எந்த ஊர் என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்பவர்கள் நாம். நாம் எடுத்துவரும் கல்லுக்கும் அந்த விடையை எழுதி வைப்பது நம் கடமையாகும்.